தெற்கே சூலம்

எங்கள் அம்மாவுக்குத் திசைகளின் மேல் இருந்த பயம் பேய் பிசாசுகளின் மேல்கூட இருந்ததில்லை. திங்கள், சனி கிழக்கே போகக் கூடாது. செவ்வாய், புதன் வடக்கே கூடாது. வெள்ளி, ஞாயிறு மேற்கே கூடாது. வியாழக்கிழமை தெற்கே கூடவே கூடாது. அந்தந்த நாளில் அந்தந்தத் திசையில் சூலம் நிற்கிறதாம். "மயிலாப்பூர்லேர்ந்து கிழக்கே போனா கடல்தானே இருக்கு, அங்கே எதுக்கும்மா சூலம்?" என்று ஒருமுறை கேட்டேன். பதிலுக்கு அம்மா கரண்டியைத்தான் காட்டினாள்.

நைனா இதற்கு நேர் எதிர். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கடற்கரைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலே கோட்டும் தலைப்பாகையுமாக, இருபது வருஷம் சைக்கிளிலேயே ஆபீசுக்குப் போய் வந்தவர். பஞ்சாங்கத்தைக் கண்டால் மடித்து ஜன்னல் ஆடாமல் செருகுவதற்குத்தான் எடுப்பார். அவர் நம்பியது இரண்டே பொருள்களை. ஒன்று அவருடைய சைக்கிள். இன்னொன்று அந்த சைக்கிளின் சீட்டுக்குப் பின்னால் தொங்கிய தோல் பை. திருகுச்சாவி, ரப்பர்த் துண்டு, ஒட்டுப் போடும் பசை, உப்புத்தாள் எல்லாம் அதற்குள் இருக்கும். அந்தப் பையை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. என் அண்ணன் ஒருமுறை தொட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில் கல்யாணம். பத்தொன்பதில் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அண்ணி நல்லவள்தான், ஆனால் அவளுடைய அடுப்படியில் நான் எங்கே நின்றாலும் அது அவள் நிற்க வேண்டிய இடமாக இருந்தது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மருத்துவச்சி வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றேன். வீடு இரண்டுபட்டது. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நைனாதான் சரி என்றார். சொன்னதோடு நிற்காமல், அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி ஊருக்குக் கப்பலேறும்போது விற்ற பெண்கள் சைக்கிளையும் எனக்காக வாங்கிக்கொண்டு வந்தார். குறுக்குக் கம்பி இல்லாதது. புடவை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தின் மேல் நூல்வலை பின்னியது. விடியற்காலையில் திருவான்மியூர்ப் பக்கத்து மணல் சாலையில் நான் விழுந்து விழுந்து பழகினேன். பிறகு இரண்டு வருஷம், மயிலாப்பூர்த் தெருக்களில் ஜன்னல்களெல்லாம் என்னையே பார்க்க, ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில்தான் போய் வந்தேன்.

படிப்பு முடிந்ததும் வேலை வந்தது. செங்கல்பட்டில். மலைகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் கிராமங்களுக்கு ஒரு மருத்துவச்சி வேண்டுமாம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவளாக இருந்தால் சுற்றுவட்டாரம் முழுவதையும் பார்க்க முடியும் என்று அந்த ஊர் டாக்டரம்மா என் பெயரைக் கேட்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

இந்த முறை நைனா முடியாது என்றார்.

"மயிலாப்பூர்ல ஓட்டறது வேற, அந்த ஊரு வேற. ஏறினா மேடு, எறங்கினா பள்ளம். தனியா ஒரு பொண்ணு... உன்னால முடியாதும்மா."

"முடியும் நைனா."

"முடியாது."

இப்படி நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் எனக்குக் கோபம் தலைக்கேறி, கையிலிருந்த வெண்கலக் கிண்ணத்தை முற்றத்தில் வீசிவிட்டேன். அது உருண்டு ஓய்ந்தது. பிறகு நைனா சொன்னார்.

"சரி. தெலுங்கு வருஷப்பிறப்புக்கு ஆபீஸ் லீவு. நீயும் நானும் செங்கல்பட்டுக்குப் போறோம். சைக்கிள்ல. போய்ட்டு, அன்னைக்கே திரும்பணும். நடுவுல வண்டி, ரயில் எதுலயும் ஏறாம நீ நம்ம வீட்டு வாசல்ல வந்து எறங்கினா, நீ வேலைக்குப் போ. எறங்கலேன்னா அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

போக முப்பத்தைந்து மைல், வர முப்பத்தைந்து மைல். நான் தோற்றுவிடுவேன் என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அது தெரியும். ஒப்புக்கொண்டேன்.

வருஷப்பிறப்பு வியாழக்கிழமை வந்தது. செங்கல்பட்டோ தெற்கே. அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை தெக்கே போறதாவது! நான் உசிரோட இருக்கற வரைக்கும் நடக்காது."

இந்த மாதிரிச் சிக்கலுக்கெல்லாம் எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். போக வேண்டிய நாள் சரியில்லை என்றால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, கூடக் கொண்டுபோக வேண்டிய ஏதாவது ஒரு சாமானைத் தெரிந்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே பிரயாணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அந்தச் சாமானை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். சூலம் ஏமாந்து போகும். சாதாரணமாக ஒரு வேட்டியையோ சொம்பையோதான் வைப்பார்கள். அம்மாவுக்கு அது போதவில்லை. இரண்டு சைக்கிள்களையுமே வைக்க வேண்டும் என்றாள். நைனா தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் புதன்கிழமை சாயங்காலம் நல்ல நேரத்தில் இரண்டு சைக்கிள்களையும் உருட்டிக்கொண்டு போய், அடுத்த தெருவில் இருந்த நைனாவின் சொக்கட்டான் கூட்டாளி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். அவரை நான் மாமா என்பேன். உறவு ஒன்றும் இல்லை. அம்மாவைவிடப் பஞ்சாங்கப் பித்து அதிகம் உள்ள ஒரே மனிதர் அவர்தான்.

வியாழக்கிழமை, இருட்டு விலகுவதற்கு முன்பே மாமா வீட்டுக் கதவைத் தட்டினோம். மாமா தூக்கம் கலையாமல் வந்து சைக்கிள்களை வெளியே தள்ளிவிட்டார். "ஒரு குறையும் வராது, நான் எல்லாம் பாத்துட்டேன், போய்ட்டு வாங்க" என்றார். அந்த 'எல்லாம்' என்னவென்று நாங்கள் கேட்கவில்லை. கைப்பிடி கொஞ்சம் வழவழப்பாக இருந்தது. பனியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடையாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கிழக்கே வெளுத்தது. ஆற்றின் மேலிருந்து உப்புக் காற்று வந்தது. கிண்டிக் காட்டு ஓரமாகப் புங்கமரங்கள் புதுத் தளிர் விட்டு, கீழே பூவைக் கொட்டி வைத்திருந்தன. பங்குனி மாதம் எங்கள் ஊருக்கு வரும் வசந்தம் பத்து நாள் விருந்தாளி. அதற்குள் அனுபவித்துவிட வேண்டும். நைனா முன்னால் போனார், நான் பின்னால்.  அவர் வேகம் பிடித்தால் நானும் பிடித்தேன்.

பெரிய சாலையில் சேரும் இடத்தில் வைக்கோல் வண்டிகள் வரிசையாக ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. நான் பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். அது பாட்டுக்குப் போயிற்று. கடைசி வண்டியின் வைக்கோலில் முகத்தைப் புதைத்துத்தான் நின்றேன். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, மாட்டுக்குப் போட்டியா வந்துட்டியா?" என்றான்.

வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. சைக்கிள் முழுவதும் எண்ணெய். நல்லெண்ணெய். கைப்பிடி, கம்பி, சக்கரத்தின் விளிம்பு, பிரேக் கட்டை என்று ஓரிடம் விடாமல், தலையிலிருந்து கால் வரை தேய்த்து ஊற வைத்திருந்தது. நைனாவின் சைக்கிளும் அப்படியே.

"யாரு இந்த வேலையைப் பண்ணது?" என்று நைனா கத்தினார்.

பக்கத்தில் ஒரு கிணற்றடியில் தெலுங்குக்கார அம்மாள் ஒருத்தி வருஷப்பிறப்பு ஸ்நானத்துக்குத் தன் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களையும் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தெக்கே போறீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அதான். வியாயக்கெயம தெக்கே சூலத்துக்குப் பரிகாரம் எண்ணெதானே. யாரோ உங்க நல்லதுக்குத்தான் பண்ணி கீறாங்க."

அப்போது புரிந்தது. மாமாவுக்குப் பரஸ்தானம் மட்டும் போதவில்லை. தன் வீட்டில் ராத்தங்கிய பிரயாணிகளுக்குப் பரிகாரமும் செய்து அனுப்பியிருக்கிறார். பிரயாணிகள் சைக்கிளாகப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. நைனாவின் முகம் கறுத்தது.

அந்த அம்மாள் பிள்ளைகளுக்காகக் கரைத்து வைத்திருந்த சீயக்காயில் பாதியை எனக்குக் கொடுத்தாள். நான் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, சக்கரங்களையும் பிரேக் கட்டைகளையும் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பக்கத்தில் பிள்ளைகள் ஸ்நானம், இந்தப் பக்கம் சைக்கிள் ஸ்நானம். பிறகு சாம்பலைப் பூசித் துடைத்தேன். பிரேக் பிடித்தது.

"நைனா, உங்க சைக்கிளையும் குடுங்க."

"வேணாம். துண்டால தொடச்சுட்டேன். இருபது வருஷத்துல நான் பிரேக் புடிச்சது எத்தனை தடவைன்னு உனக்குத் தெரியுமா? நேரமாவுது, ஏறு."

அவருடைய பிடிவாதம் எனக்கு வந்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். மூலப்பொருள் யாரிடம் அதிகம் என்று யாரும் சொன்னதில்லை.

பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் என்று ஊர்கள் பின்னால் போயின. பல்லாவரத்தில் தோல் மண்டிகளின் வாசனை மூக்கைப் பிடிக்க வைத்தது. வண்டலூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் குன்றுகள் வந்து சேர்ந்துகொண்டன. கல்லும் புதருமாக மொட்டையாகத் தெரிந்த குன்றுகளில்கூட அங்கங்கே புரசமரம் சிவப்பாகப் பூத்திருந்தது. சாலையோரப் புளியமரங்கள் துளிர்த்திருந்தன. வேப்பம்பூ வாசனை கூடவே வந்தது. ஏற்றம் வந்தபோது எனக்குத் தொடை எரிந்தது. இறங்கித் தள்ளவில்லை. நைனா ஒவ்வோர் ஏற்றத்தின் உச்சியிலும் திரும்பிப் பார்ப்பார். நான் வந்துகொண்டிருப்பேன். அவர் முகத்தில் ஏமாற்றமா சந்தோஷமா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று வந்து போகும். மறுபடி மிதிப்பார்.

சிங்கப்பெருமாள் கோயிலில் தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்தோம். கிணற்றடிக்குப் பிறகு அங்கேதான் பேசினார். "கால் வலிக்குதா?" என்றார். இல்லை என்று பொய் சொன்னேன். "எனக்கு வலிக்குது" என்றார் அவர். எனக்குச் சட்டென்று அவர் மேல் பிரியம் பொங்கியது. ஆனால் பந்தயம் பந்தயம்தான் என்று மனத்தை இறுக்கிக்கொண்டேன்.

பரனூர் தாண்டி ஓர் இறக்கம். அதன் உச்சியில் நின்றால் கீழே ஏரி முழுவதும் தெரியும். சுற்றிலும் மலைகள், நடுவே தண்ணீர், அந்தக் கரையில் ஊர். நான் வேலை பார்க்கப் போகும் ஊர் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை அழகான இடத்தை வேண்டாம் என்கிறார் இந்த மனிதர்! அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நைனா இறக்கத்தில் இறங்கிவிட்டார்.

பாதி இறக்கத்தில் ஓர் ஆட்டு மந்தை ஏரிக்குப் போகச் சாலையைக் கடந்தது. நைனா பிரேக்கைப் பிடித்தது எனக்குத் தெரிந்தது. தோள் இரண்டும் முன்னால் வளைந்தன. சைக்கிளின் வேகம் மட்டும் குறையவில்லை. மணியை அடித்தார், "ஏய், ஏய்" என்று கத்தினார். ஆடுகள் நின்று அவரை வேடிக்கை பார்த்தன. கடைசி நொடியில் கைப்பிடியைத் திருப்பிச் சாலையோரக் கள்ளி வேலிக்குள் பாய்ந்தார்.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். தலைப்பாகை எங்கேயோ, செருப்பு எங்கேயோ. முழங்காலில் ரத்தம். வலது மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. சைக்கிளின் முன்சக்கரம் கோணிப் போயிருந்தது.  என் கை தானாக வேலை செய்தது. பனைமட்டை ஒன்றைப் பிளந்து, மணிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் வைத்து, அவருடைய அங்கவஸ்திரத்தைக் கிழித்துக் கட்டினேன். முள்ளையெல்லாம் பிடுங்கினேன். அவர் ஒரு தடவைகூட முனகவில்லை. "நீ கழுவும்போதே கழுவியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

கரி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரரிடம் சொல்லி நைனாவையும் அவர் சைக்கிளையும் ஏற்றினேன். "நீயும் ஏறும்மா" என்றார் நைனா. நான் என் சைக்கிளில் ஏறி, வண்டிக்குப் பக்கத்திலேயே ஊர் வரை மிதித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை, நல்ல சுளுக்கு என்றார்கள். கட்டை அவிழ்த்த கம்பவுண்டர் பனைமட்டையைப் பார்த்து, "யாரு கட்டினது? நல்லாத்தான் கட்டியிருக்காங்க" என்றார். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

ஸ்டேஷனுக்கு வந்தோம். பட்டணத்துக்கு வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நைனா என்னையும் சேர்த்து டிக்கெட் வாங்கச் சொன்னார்.

"உங்களுக்கு மட்டும்தான் வாங்கப் போறேன், நைனா. உங்க சைக்கிளையும் வண்டியில போட்டுடறேன். நான் சைக்கிள்ல வரேன்."

"பைத்தியமா உனக்கு? பந்தயம் முடிஞ்சுபோச்சு. நான் விழுந்துட்டேன், நீ இன்னாத்துக்குத் தனியா வரணும்? வேற ஒரு நாள் பாத்துக்கலாம்."

"வேற எந்த நாள்? திங்கட்கிழமை நான் இங்கே இருக்கணும்."

"முப்பத்தஞ்சு மைல்! தனியா! நான் சொன்னா கேக்கமாட்டே?"

"கேக்கறேன். நீங்க சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை கேக்கறேன். நடுவுல வண்டி, ரயில் எதுலயும் ஏறாம நான் நம்ம வீட்டு வாசல்ல எறங்கணும்னுதானே சொன்னீங்க? நீங்க எறங்கணும்னு சொல்லலியே."

பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நைனாவின் மீசை துடித்தது. என்னை அடித்ததே இல்லை அவர். அன்றைக்கு அடித்திருப்பார், வலது கையில் கட்டு இருந்ததால் பிழைத்தேன். "போய்த் தொலை" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வலியினால் என்று நினைத்துக்கொண்டு, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து சைக்கிளில் ஏறினேன்.

இந்த இடத்தில் நான் தைரியசாலி என்று எழுதிக்கொள்ள ஆசைதான். உண்மையில் ஏரிக்கரை தாண்டுவதற்குள் பயத்தில் வாய் உலர்ந்துவிட்டது. எந்த இறக்கத்தில் நைனா விழுந்தாரோ அது இப்போது எனக்கு ஏற்றம். உச்சி வெயில். எதிர்க்காற்று வேறு. கள்ளி வேலியில் அவர் விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. அதைப் பார்க்காமல், இறங்காமல், ஒவ்வொரு மிதியாக மிதித்தேன். அண்ணியின் அடுப்படியை நினைத்துக்கொண்டேன். அது ரொம்ப உதவியது.

கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் ரயில் என்னைப் பிடித்துவிட்டது. தண்டவாளம் அங்கே சாலையை ஒட்டி ஓடும். பெட்டிகள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டின. ஒரு ஜன்னலில் நைனா. இடது கையால் தலைப்பாகைத் துணியை அவிழ்த்து வீசு வீசென்று வீசிக்கொண்டு, ஏதோ கத்தினார். சக்கரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நில் என்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. திரும்பியும் பார்க்காமல் மிதித்தேன்.

தாம்பரம் தாண்டியதும் பின்சக்கரம் உஸ்ஸென்றது. கருவேல முள். ஒட்டுப் போட எனக்குத் தெரியும். நைனா போடும்போது நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் பசையும் ரப்பரும் தோல் பைக்குள், தோல் பை நைனாவின் சைக்கிளில், சைக்கிள் ரயிலில். நடுச்சாலையில் நின்று ஒரு பாட்டம் அழுதேன். பார்க்க யாரும் இல்லை என்பதால் வாய்விட்டே அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு தள்ள ஆரம்பித்தேன். இரண்டு ஜட்கா வண்டிக்காரர்கள் நிறுத்திக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

பல்லாவரத்தில் சைக்கிள் கடை பாய் ஒருவர் கடையைச் சாத்திவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என் கோலத்தைப் பார்த்து நின்றார்.

"இன்னாம்மா, தனியா தள்ளிகினு வர்றே? கூட யாரும் வர்லியா?"

"வந்தாங்க பாய். எங்க நைனா. ரயில்ல போய்ட்டாரு."

"நீ?"

"நான் சைக்கிள்லதான் வரேன்னு சொல்லியிருக்கேன்."

பாய் ஒரு பலகையை இழுத்துப் போட்டார். "சரி, குந்து. தொய்துட்டு வந்துடறேன்" என்றார். வந்தார், ஒட்டுப் போட்டார், காற்றடித்தார். கேட்காமலே என் விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டிக் கொடுத்தார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் சர்பத் அனுப்பினாள். "ஆத்துப் பக்கம் ரோடு சரியில்ல, ஓரமாப் போ" என்று சொல்லி அனுப்பினார் பாய்.

மயிலாப்பூரில் விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. எங்கள் தெருமுனையில் திரும்பும்போது கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை. ஆனாலும் மணியை அடித்துக்கொண்டேதான் போனேன், ஜன்னல்கள் எல்லாம் கேட்கட்டும் என்று. வீட்டு வாசலில் காலை ஊன்றி இறங்கினேன். அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு, கன்னத்தில் ஓர் இடி இடித்துவிட்டு, மறுபடி கட்டிக்கொண்டாள்.

நைனா கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தார். கையை மார்பில் கட்டியிருந்தது. நான் எதிரே போய் நின்றேன்.

"பிரேக் புடிச்சுதா?" என்று கேட்டார்.

"புடிச்சுது."

"ம்" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். எழுபது மைல் மிதித்தவளுக்கு ஒரு 'சரி' கிடையாதா? சோற்றைப் பிசைந்தபடி காத்திருந்தேன். அவர் திரும்பவே இல்லை. வார்த்தை தவறாதவர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே என்று வெறுப்பாக இருந்தது. அந்த வெறுப்போடே படுத்து, செத்தவள் மாதிரி தூங்கினேன்.

விழித்தபோது வெயில் முற்றத்துக்கு வந்திருந்தது. முதலில் சைக்கிளைத்தான் தேடினேன். நடையில் அது நிற்கும் இடம் காலியாக இருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"அம்மா! என் சைக்கிளை இன்னா பண்ணார் அவரு? யாருக்குக் குடுத்தார்? பந்தயத்துல தோத்ததுக்கு சைக்கிளையே இல்லாமப் பண்ணிட்டாரா?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"கத்தாதேடி. திங்கட்கிழமை கரிநாளாம். அதனால இன்னைக்கே நல்ல நேரத்துல பரஸ்தானம் வெச்சுடணும்னு, பொழுது விடியறதுக்குள்ள அந்த ஒத்தைக் கையால உருட்டிக்கிட்டுப் போனாரு. நான் சொல்லல. அவரே பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்துப் பாத்தாரு. எனக்கே அதிசயமா இருக்கு."

 அம்மா கீரைக் காம்பை ஒடித்தபடியே சொன்னாள்.

"ரயில்ல ஜன்னல் வழியாத் தலைப்பாகைத் துணியை ஆட்டினாராமே, நீ திரும்பிக்கூடப் பாக்கலியாமே. அந்தப் பொண்ணு யாருன்னு பக்கத்துல இருந்தவங்க கேட்டாங்களாம். என் மகதான், செங்கல்பட்டுல மருத்துவச்சியா இருக்கா, மலையெல்லாம் சைக்கிள்லயே சுத்துவான்னு சொன்னாராம். ராத்திரி பூரா இதையே சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்தாரு."

முகம் கழுவாமல், தலை வாராமல், அடுத்த தெருவுக்கு ஓடினேன். மாமா வீட்டு நடையில் என் சைக்கிள் நின்றது. பக்கத்தில் மாமா ஒரு முக்காலி போட்டு, மூக்குப்பொடி டப்பியும் கையுமாகச் சோகமாக உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. உங்க நைனா இன்னா இப்படிப் பேசிட்டுப் போறான்? எண்ணெக் கிண்ணத்தோட இதும்பக்கம் வந்தா என் கையை ஒடிச்சுடுவானாம். நான் உங்க நல்லதுக்குத்தானே பண்ணேன்?"

 சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேறு, தூசி எல்லாம் துடைத்திருந்தது. சீட்டுக்குப் பின்னால், யாரும் தொடக் கூடாத அந்தத் தோல் பை தொங்கியது. இருபது வருஷத்துப் பை. இடது கையாலேயே கட்டியதால் முடிச்சு கோணலாக விழுந்திருந்தது. திறந்து பார்த்தேன். திருகுச்சாவி, ரப்பர்த் துண்டு, உப்புத்தாள், புதிதாக வாங்கி வைத்த பசை.

நான் பையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். மாமா பதறிப்போய் எழுந்து வந்து, சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாம்மா ஆச்சு? எண்ணெ எங்கியாவது பட்டிருக்கா? சத்தியமா இந்தத் தடவை நான் தொடவே இல்ல" என்றார்.